பின் டயரை 100-லிருந்து 130 ஆக்கினா வண்டி ஸ்டெடியா நிக்குமா?

கேள்வி:
150 சிசி வண்டி. பின்னாடி 100/90-17 டியூப்லெஸ் (அகலம் 100 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதுல 90%, ரிம் விட்டம் 17 இன்ச்), ரிம் அகலம் 2.5 இன்ச். முன்னாடி 80/100-17. 80-க்கு மேல போனா பின்பக்கம் லேசா ஆடுது, வளைவுல படுக்க நம்பிக்கை வரல. அதே ரிம்முல 130/70-17 ஏறுமா? ஏறினா ஆட்டம் நிக்குமா?

பதில் 1:
ஏறும், ஆனா ஏத்தாதீங்க. 130/70-க்கு ஏத்த ரிம் 3.5 இன்ச், குறைஞ்சது 3 வேணும். 2.5-ல மாட்டினா ரெண்டு பக்கச் சுவரும் உள்ளே இழுபட்டு டயரோட முதுகு கூம்பிடும். நேரா போறப்ப நடுவுல ஒரு சின்னப் பட்டைதான் ரோட்டைத் தொடும், அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேயும். ஓரத்து ரப்பர் கடைசி வரைக்கும் புதுசாவே கிடக்கும். லேசா சாய்ச்சாலே வண்டி பொதுக்குனு உள்ளே விழும்.

அகல டயர்னா தரையில அதிக ரப்பர் படும்ங்கறதும் முழு உண்மை இல்லை. படுற பரப்பை முக்கியமா தீர்மானிக்கிறது பாரமும் காத்தழுத்தமும்தான். காத்து அதே அளவுன்னா தடம் குறுக்கே நீண்டு நெடுக்கே குறுகும், அவ்வளவுதான்.

பதில் 2:
சரியான ரிம்முல போட்டாலும் ஒரு விலை உண்டு. வண்டி சாயறப்ப தரையைத் தொடுற இடம் டயர் நடுவுல இருந்து உள்பக்கமா நகரும். டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு அதிகமா நகரும். அதனால அதே வேகத்துல அதே வளைவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா படுக்கணும். எடை மையம் 60 செ.மீ. உயரம், வளைவுக்கு 30 டிகிரி சாய்வுன்னு வெச்சா, 100 டயருக்கு மேற்கொண்டு சுமார் 2.6 டிகிரி, 130-க்கு 3.5. ரெண்டு சக்கரமும் ஒரே அகலம்னு போட்ட கணக்கு இது, பின்னாடி மட்டும்னா வித்தியாசம் இன்னும் குறைவு. தண்ணி தேங்கின ரோட்டுல அகல டயர் சீக்கிரமே மிதக்கும், இதையும் மறக்காதீங்க.

பதில் 3:
ஆட்டத்தை அகலத்தால நிறுத்த முடியாது, அது எங்கே இருந்து வருதுன்னு பாருங்க. முதல்ல காத்து: டயர் ஆறி இருக்கறப்ப, வண்டியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உள்ள அளவு. அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டுங்க. சக்கரம் மட்டும் ஆடினா பேரிங், ஸ்விங்ஆர்மும் (பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கை) சேர்ந்து ஆடினா அதோட புஷ். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கோட அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளுங்க. 'டொக்'குனு ஒரு தட்டு கைக்குத் தெரிஞ்சா கோன்செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) லூஸ். ஹேண்டில் நடுவுக்கு வரும்போது குழியில விழுந்த மாதிரி நின்னா டைட் பண்ணிப் பிரயோஜனம் இல்லை, செட்டையே மாத்தணும். செயின் அட்ஜஸ்டர் கோடு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க.

டயர் நடுவுல தட்டையா தேஞ்சிருக்கா? தட்டையோட விளிம்பைத் தாண்டினதும் வண்டி சட்டுனு விழும். நீங்க சொல்ற பயம் அதுவா இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
பேரிங், புஷ், கோன்செட் எதுலயும் ஆட்டம் இல்லை. டயர்ல தட்டை இருக்கு, ரெண்டு விரல் அகலத்துக்கு. புதுசா 110/80-17 போடலாமா, 120/80-ஆ?

பதில் 1:
110/80. அது 2.5 ரிம்முல ஒழுங்கா உட்காரும், மொத்த உயரமும் 100/90-ஐ விட 4 மி.மீ.தான் குறைவு. 120/80 போட்டா விட்டம் 12 மி.மீ. கூடும், வண்டியோட பின்பக்கம் 6 மி.மீ. தூக்கும். ஃபோர்க் அந்த அளவுக்கு நிமிர்ந்து டிரெயில் (ஹேண்டில் திரும்புற அச்சு தரையைத் தொடுற இடத்துக்கும் முன் டயர் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும், அதாவது நீங்க தேடுற ஸ்டெடிக்கு நேர் எதிர். எதைப் போட்டாலும் லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடைக்கான எண்) பழசை விடக் குறையக் கூடாது. மாட்டினதும் சக்கரத்தைச் சுத்திவிட்டு, டயருக்கும் செயினுக்கும் நடுவுல, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல 5 மி.மீ.யாவது இடைவெளி இருக்கான்னு பாருங்க. முதல் 150 கி.மீ. ரொம்பப் படுக்காதீங்க, புது ரப்பர் மேல வழவழப்பு இருக்கும்.