கல் குவாரிப் பணத்தை ஓட்டு ஜெயிக்குமா?

மேலூர் விவசாயி: எங்கள் கண்மாய்க்கு வரும் ஓடையை மறித்துக் கிரானைட் கழிவைக் கொட்டினார்கள். ஆளுயரக் கற்கள், மழை பெய்தாலும் மடைக்குத் தண்ணீர் வராது. அப்போது மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் 2012-லேயே கிரானைட் முறைகேடு பற்றி அறிக்கை அனுப்பினார். அப்புறம் ஆட்சியும் மாறியது. கற்கள் அப்படியே கிடக்கின்றன. தேர்தல் செலவைக் குவாரிக்காரர் பார்த்துக்கொண்டால் ஜெயித்தவர் யார் பேச்சைக் கேட்பார்? ஓட்டுப் போட்டு இதை மாற்ற முடியுமா?

திருமங்கலத்தான்: கஷ்டம்தான் அண்ணே. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கே எங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம். கட்சிக்கு வரம்பே கிடையாது. ஓட்டுக்குப் பணக் கவர் கொடுத்தவர் போட்ட காசை மணலிலும் கல்லிலும்தானே எடுப்பார்?

அரிட்டாபட்டி பக்கம்: ஓட்டு மட்டும் போதாது, ஆனால் ஓட்டுப் பயம் வேலை செய்யும். எங்கள் பகுதியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தைத் தோண்ட மத்திய அரசு விட்ட சுரங்க ஏலத்தை எதிர்த்துக் கிராமசபைகளில் தீர்மானம் போட்டோம். 2025 ஜனவரி 7-இல் மதுரை வரை நடந்தே போனோம், பெண்கள்தான் முன்னால். எல்லாக் கட்சியும் எங்கள் பக்கம் பேசியது. அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மேலூர் விவசாயி: சரி. அக்டோபர் 2 கிராமசபையில் ஓடையின் புல வரைபடத்தை வைத்துத் தீர்மானம் கேட்கிறேன். உங்கள் தீர்மான நகல் கிடைக்குமா?