சித்தப்பாவோடு வழிகாட்டி நாயும் வருகிறது: மலசலத்துக்கு என்ன ஏற்பாடு செய்வது?

வெள்ளவத்தை மகள்:
மார்கழியில் லண்டனிலிருந்து சித்தப்பா வருகிறார். அவருக்குக் கண்பார்வை இல்லை, வழிகாட்டி நாயும் கூட வருகிறது. லாப்ரடோர். அனுமதி, ஊசி எல்லாம் அவரே பார்த்துவிட்டார். எங்கள் வீடு தொடர்மாடியில் நாலாம் மாடி. வளவு இல்லை, கீழே கார் விடும் சீமெந்துத் தரை மட்டும்தான். அது புல்லில்தான் போகுமாம். ஒழுங்கை முழுக்கத் தெருநாய்கள். பிறகு யாழ்ப்பாணமும் போகவேண்டும். கேட்டால் "அதெல்லாம் நான் பார்ப்பன்" என்கிறார். நாங்கள் என்ன ஆயத்தம் செய்யலாம்?

தெஹிவளை ரவி:
மொட்டைமாடியில் பேப்பர் விரித்து விடலாமே? பின்னேரம் ஓட்டோவில் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போகலாம்.

ரொறொன்ரோ அக்கா:
நானும் பார்வையற்றவள்தான், வழிகாட்டி நாயோடு இருக்கிறேன். மொட்டைமாடி வேண்டாம் தம்பி, வெயிலில் சீமெந்து அதன் பாதத்தைச் சுட்டுவிடும். காலிமுகத்திடல் அன்றாடத்துக்குத் தூரம்.

தங்கச்சி, கீழே வாசலுக்குக் கிட்ட நிழலான ஒரு மூலையைப் பிடியுங்கள். பூமரம் விற்கிற இடத்தில் புல்தரைத் துண்டு வாங்கி அங்கே போடுங்கள். தெருநாய்கள் மூத்திரம் பெய்கிற மதிலோரம் கூடாது, எலிக்காய்ச்சல் தொற்றலாம்.

இந்த நாய்கள் சொன்னால் போகப் பழகியவை. ஹார்னஸை, அதாவது வழிகாட்டும்போது மாட்டுகிற பிடியுள்ள பட்டியை, கழற்றி, கயிற்றை நீளவிட்டு, அதற்கென்று உள்ள சொல்லைச் சொன்னால் மணந்து சுற்றிவிட்டுப் போகும். அந்தச் சொல்லைச் சித்தப்பா மட்டுமே சொல்லட்டும். அள்ளுவதும் அவரே. முதுகில் கை வைத்தால் இரண்டுக்கு இருக்கிறதா என்று வளைவிலேயே தெரியும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் காலை ஊன்றிக்கொண்டு, கையில் பையை மாட்டி எடுப்போம். லிஃப்டிலிருந்து மூலைக்கு எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று நீங்கள் ஒருதரம் கூட நடந்து சொல்லிக்கொடுங்கள். மூடியுள்ள வாளி ஒன்றும் வையுங்கள். அது போதும்.

நான் உண்மையில் பயப்படுவது சாப்பாட்டுக்குத்தான். மார்கழியில் லண்டனை விடக் கொழும்பு ஐந்தரை மணிநேரம் முன்னால். அங்கே காலை 7 மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிற்றுக்கு இங்கே பகல் 12.30க்குத்தான் காலை. முதல் சில நாள் நடுச்சாமத்திலும் இறங்கவேண்டி வரலாம், சித்தப்பா நேரத்தை மெல்ல மாற்றிவிடுவார். அதற்கிடையில் மாமி ஒரு மீன்துண்டு, பிள்ளைகள் ஒரு பிஸ்கட் என்று போட்டால் எல்லாம் குழம்பும், வயிற்றாலும் போகும். வந்து போகிற சொந்தக்காரர் எல்லாரிடமும் இப்போதே கண்டிப்பாகச் சொல்லுங்கள். அடக்கட்டும் என்று தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். நம் வெக்கைக்கு அது ஆபத்து.

வெள்ளவத்தை மகள்:
மாமிக்கு இன்றைக்கே சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு யாழ்தேவியா, வானா அக்கா?

ரொறொன்ரோ அக்கா:
வான்தான். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் அல்லவா, வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். ரயில் நிற்கிற சில நிமிடத்துக்குள் நாய் இறங்கி, மணந்து, போய் ஏறுவது நடக்காது. புறப்பட முதல் வயிறு நிறையக் கொடுக்கவேண்டாம். இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருதரம் நிறுத்துங்கள். புத்தளம் வழியாகப் போனால் புத்தளம், அனுராதபுரம், வவுனியா சரிவரும். ஓரமாக, கயிறு கழற்றாமல். புல்லுக்குள் இறங்கி ஏறினால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று சித்தப்பா தடவிப் பார்க்கட்டும்.