அலையாத்திக் காடு: நாற்றுக்கு முன் வாய்க்கால்

அனைவருக்கும் வணக்கம்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நாற்று நட நிதி திரட்டலாம் என்று குழுவில் பேச்சு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள்: பணத்தில் பெரும்பங்கு வாய்க்காலுக்கும், நட்ட பிறகு கவனித்துக்கொள்வதற்கும் போகட்டும்.

வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970கள் வரை இந்தக் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கென்று பகுதி பகுதியாகப் பிரித்து, மொட்டையடித்தார்கள். மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்து, ஈரம் வற்றி, தரை தாம்பாளம் மாதிரி உள்வாங்கிவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய தண்ணீர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே காய, உப்பு ஏறிக்கொண்டே போனது. லகூனுக்குப் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: வெள்ளை வெளேரென்று பொருக்குத் தட்டிய தரை, கால் வைத்தால் நொறுங்கும், பேருக்கு ஒரு பச்சை கிடையாது. அதில் எத்தனை ஆயிரம் கன்று வைத்தாலும் கருகத்தான் செய்யும்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளைகள். மீன்முள் வாய்க்கால் என்பது இதுதான். ஓதம் தாராளமாக ஏறி இறங்க, உப்பு குறைந்து, கரையில் அலையாத்திக் கன்றுகள் வேர் பிடித்தன. இதே முறையில் சீரமைத்த, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிச்சாவரம் காட்டின் 1986, 2002 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது.

ஆனால் வாய்க்கால் தூர்ந்தால் மறுபடி பழைய கதைதான். தூர்வாருவதற்கு யாரும் விழா எடுப்பதில்லை, படம் போடுவதில்லை. அதனாலேயே அந்தச் செலவை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டை எப்படிப் புரட்டிப் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும்; அதனால் ஒரு தடவை வெட்டிவிட்டு விட்டுவிட முடியாது, தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

அப்புறம் கண்காணிப்பு. வருடா வருடம் அதே மாதம், அதே இடத்தில் நின்று ஒரு புகைப்படம். மண்ணின் உப்பு அளவு. ஒரு சிறு கட்டம் போட்டு அதற்குள் இருக்கும் கன்றுகளின் எண்ணிக்கை. நட்டதில் பிழைத்தது எத்தனை என்பதைவிட, தானாக விழுந்த விதையில் முளைத்தது எத்தனை என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். அது கூடினால் காடு தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம்.

காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதியில்லாமல் எதுவும் செய்ய முடியாது. ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது முதலில் வனச்சரகரைப் பார்த்துப் பேசினால், கணக்கையும் படங்களையும் தொகுத்து வைக்கும் வேலையை நான் இங்கிருந்தே ஏற்றுக்கொள்கிறேன்.