இழை: ஏறும் வல்லரசு, இருக்கும் வல்லரசு – தமிழில் என்ன பெயர்?

தருமபுரியிலிருந்து, கல்லூரி ஆசிரியை:

நண்பர்களுக்கு வணக்கம். தமிழ்வழி அரசியல் அறிவியல் வகுப்புக்கு அமெரிக்க–சீன உறவு பற்றிய பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். 'உதயமாகி வரும் வல்லரசு', 'நிலைபெற்ற வல்லரசு' என்றுதான் இதுவரை எழுதி வந்தேன். நேற்று பாலக்கோட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "நிலைபெற்றதுன்னா அசையாததுதானே மேடம், அப்புறம் அது ஏன் பயப்படணும்?" பாடத்தின் உயிரே அந்தப் பயம்தான். கி.மு. 431இல் மூண்ட பெலொப்பொனீசியப் போருக்கு ஏதென்ஸின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவில் கிளப்பிய அச்சமுமே காரணம் என்கிறார் பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். நம் சொல்லில் அந்த அச்சத்துக்கு இடமே இல்லை. இப்படி ஏறிவரும் வல்லரசும் இருக்கும் வல்லரசும் போருக்கு இழுபடும் நிலையை அமெரிக்க அரசியல் அறிஞர் கிரஹாம் அலிசன் 'துசிடிடீஸ் டிராப்' (trap) என்றார். அந்த 'டிராப்'புக்கும் ஒரு சொல் வேண்டும்.

அரூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, வினைத்தொகை இருக்கக் கவலை எதற்கு? வளர்பிறை, ஊறுகாய் போல 'எழுவல்லரசு'. மூன்று காலமும் அதில் அடக்கம். எழுச்சியும் எழுவாயும் அந்த வேர்தான். கோட்டைக் கதவுக்குக் குறுக்கே இடும் கணையமரத்துக்கும் எழு என்று பெயர். சங்கப் பாடல்களில் வீரர் தோளுக்கு அது உவமை. ஆக வளர்ச்சியும் வலிமையும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. மற்றதற்கு 'முதுவல்லரசு' போதும். பெயரையும் துசிடிடீசு என்றே எழுதுங்கள். 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடமொழி எழுத்தை விலக்கி, என்னும் தொல்காப்பிய விதி கிரேக்கத்துக்கும் பொருந்தும்.

ஓசூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, குறளில் எழுபிறப்பு என்றால் ஏழு பிறப்பு. ஜி-7 நாடுகளைப் பற்றியும் படிக்கிற பிள்ளைகள் எழுவல்லரசை ஏழு வல்லரசு என்றே புரிந்துகொள்வார்கள். 'வளர்வல்லரசு' என்றால் 'வளரும் நாடு' குறுக்கே வரும். உலக வர்த்தக அமைப்பில் சீனா தன்னை அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறது. முது என்பதில் தளர்ச்சி ஒலிக்கிறது. 1898 முதல் ஜெர்மனி கடற்படையைப் பெருக்கியபோது பதறிய பிரிட்டன் தளர்ந்த நாடு அல்ல, உலகின் முதல் கடற்படை அதனிடம்தான் இருந்தது. வாக்கு எண்ணும் நாளில் எல்லார் வாயிலும் வரும் சொற்களையே எடுப்போம்: 'ஏறுமுக வல்லரசு', 'முன்னிலை வல்லரசு'. முன்னிலை கைநழுவக் கூடியது, ஆகவே அச்சம். அந்த மாணவிக்கும் பதில் கிடைத்துவிடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து, வரலாற்று ஆர்வலர்:

தகடூரில் (இன்றைய தருமபுரியில்) இருந்துகொண்டு ஏதென்ஸுக்கு ஏன் போக வேண்டும்? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் போன ஔவை அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்தாள். தொண்டைமான் படைக்கலங்களுக்கு நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்தான். அதியமான் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன என்றாள். படைக்கலங்களை ஒப்பிட்டுப் போரைத் தடுக்கப் பார்த்த தூது அது. பிறகு சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரைப் போரிட்டு வென்றான். தும்பைப் பூச் சூடிப் பொரும் போரைச் சொல்லும் தொல்காப்பியத்தின் தும்பைத் திணையும் இருக்கிறது: 'மைந்து பொருளாக வந்த வேந்தன்'. மண்ணோ ஆநிரையோ அல்ல, வலிமை ஒன்றே நோக்கம். 'தும்பை நிலை' என்று வைத்தால் என்ன?

ஓசூரிலிருந்து:

தும்பை இருவரும் களத்துக்கு வந்தபின் சூடுவது. நாம் பேசுவது களத்துக்கு முந்தைய நிலை. சேரனுக்கும் அதியமானுக்கும் இடையே ஏறியவர் யார், அஞ்சியவர் யார் என்று பிரிக்கவும் வழியில்லை.

பென்னாகரத்திலிருந்து, பள்ளி ஆசிரியர்:

'டிராப்' பற்றி யாரும் பேசவில்லையே. பொறி என்றால் பிள்ளைகளுக்குப் பொறியியல், தீப்பொறி, ஐம்பொறி எல்லாம் நினைவுக்கு வரும். கண்ணி என்றால் வைத்தவன் ஒருவன் இருக்க வேண்டும். இதை யாரும் வைக்கவில்லை. 'சுழல்' என்பேன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள். நீரோட்டமே உள்ளே இழுக்கும், துடுப்பைத் தெரிந்து போட்டால் வெளியே வரலாம். அலிசன் கணக்கில் 16 மோதல் நிலைகளில் 12 போரில் முடிந்தன, 4 தப்பின. பிரிட்டனை அமெரிக்கா முந்தியது அந்த நான்கில் ஒன்று. தப்பும் வழியும் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

ஓசூரிலிருந்து:

சுழல் நல்ல சொல். ஆனால் அலிசன் சொன்னது அதுவல்ல. அவர் கருத்தை நாம் திருத்துவது மொழிபெயர்ப்பாகாது. கண்ணியே என் வாக்கு.

தருமபுரியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நாளை நகல் கொடுத்தாக வேண்டும். ஏறுமுக வல்லரசு, முன்னிலை வல்லரசு என்று எழுதிவிட்டேன். இதுவரை யாரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. 'துசிடிடீஸ் கண்ணி' என்று தலைப்பிட்டு, சுழல் விளக்கத்தையும் 16, 12 கணக்கையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

அரூரிலிருந்து:

அச்சுக்குப் போவதைத் தடுக்கமாட்டேன். ஆனால் முன்னிலை என்றால் நீ, நீர், நீவிர். பத்தாம் வகுப்பு வரை அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கல்லூரியில் அதே சொல்லை அமெரிக்காவுக்கு வைப்பதை நான் ஏற்கவில்லை. ஏழு என்ற குழப்பத்துக்கும் விடை இருக்கிறது. 'எழூஉ' என்று அளபெடுத்தால் எண்ணுப்பெயர் விலகிவிடும். விரிவாக நாளை எழுதுகிறேன்.