தோட்டத்துக் கொட்டகைக்கு கான்கிரீட் இல்லாமல் அடித்தளம் போட முடியுமா?

கேள்வி:
8 × 6 அடியில் மரக் கொட்டகை ஒன்று வைக்கப் போகிறேன், தரையும் மரப்பலகைதான். உள்ளே மண்வெட்டி, கடப்பாரை, உர மூட்டை, புல்வெட்டும் மெஷின் இவ்வளவுதான் இருக்கும். இடம் களிமண், ஒரு பக்கம் 4 அங்குலம் தாழ்வு. கான்கிரீட்டுக்கு வசதியில்லை. மண்மேலேயே பிளாக் வைத்து நிறுத்திவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். மேல்மண்ணில் வேரும் சருகும் கலந்திருக்கும். அது மக்க மக்கத் தரை அமுங்கும், அதுவும் மூலைக்கு ஓர் அளவில். கொட்டகை லேசாகக் கோணினாலே கதவு உரசும், தாழ்ப்பாள் பொருந்தாது.

ஜல்லித் தளம் போட்டு அதன்மேல் பிளாக் வைத்தால் போதும். சுற்றிலும் அரை அடி கூட்டி 9 × 7 அடிக்கு முளை அடித்து நூல் கட்டுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 11 அடி 4¾ அங்குலம் வந்தால் மூலைகள் சரி. தாழ்ந்த பக்கம் 3 அங்குலம், உயர்ந்த பக்கம் 7 அங்குலம் தோண்டினால் அடி மட்டமாகிவிடும். பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்காதீர்கள், கொட்டிய மண் எப்படியும் இறங்கும்.

அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் துணி) விரித்து 4 அங்குலம் ஜல்லி. கணக்குக்கு 21 கன அடி, ஆனால் இடித்தால் அமுங்கும் என்பதால் 26 வாங்குங்கள். மொத்தமாகக் கொட்டி இடித்தால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். 2 அங்குலம் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, பிறகு அடுத்த 2 அங்குலம். கூழாங்கல் உருளும், ஒன்றையொன்று கவ்வாது. உடைத்த முக்கால் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்தது வேண்டும்.

பதில் 2:
களிமண்ணில் ஒரு திருத்தம். தண்ணீர் கீழே இறங்காது, நீங்கள் தோண்டிய குழியே தொட்டியாகிவிடும். ஈரம் ஏறினால் களிமண் உப்பும், காய்ந்தால் சுருங்கும், தளம் அதோடு ஆடும். அதனால் அடி அடுக்குக்குத் தூள் இல்லாத ஜல்லி, மேல் அடுக்குக்கு மட்டும் தூள் கலந்தது. தாழ்ந்த பக்கத்திலிருந்து வெளியே ஒரு சிறு கால்வாய் வெட்டி அதையும் ஜல்லியால் நிரப்புங்கள். துணிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் போட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிளாக் எத்தனை வேண்டும்? ஹாலோ பிளாக் கையில் இருக்கிறது.

பதில் 1:
8 அடி நீளச் சட்டம் மூன்று, ஒவ்வொன்றின் இரு முனையிலும் நடுவிலும் ஒன்று, ஆக 9. சாலிட் பிளாக் நல்லது. ஹாலோதான் என்றால் துளை மேல்கீழாக இருக்க வேண்டும், படுக்கவைத்தால் பாரத்தில் விரிசல் விடும். ஒன்பதின் தலையையும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூப்) வைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். உயரம் குறைந்தால் பிளாக்கைத் தூக்கி அடியில் கிரஷர் தூள் போடுங்கள். மரச்சில் செருகினால் மக்கிப்போகும். சட்டத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு துண்டு தார்ஷீட் கட்டாயம், இல்லையென்றால் பிளாக் உறிஞ்சும் ஈரம் மரத்துக்கு ஏறும். அடியில் காற்றோடும் இடைவெளியை மண்ணோ பலகையோ வைத்து அடைத்துவிடாதீர்கள், கரையான் வந்தாலும் குனிந்து பார்த்தால் தெரிய வேண்டும்.

பதில் 3:
காற்றையும் யோசியுங்கள். பிளாக்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் கொட்டகையைப் பலத்த காற்று நகர்த்திவிடும், கவிழ்க்கவும் செய்யும். நான்கு மூலையிலும் இரண்டரை அடி இரும்பு ஆங்கிளைத் தரையில் அடித்து, ஓரச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். ஜல்லிக்குள் மட்டும் நின்றால் பிடிப்பு இருக்காது, அடியிலுள்ள கெட்டி மண்ணுக்குள் இறங்க வேண்டும்.