சைலோவின் சுவரோரம் புதிய திறப்பு வைக்கலாமா?

ஆலைப் பராமரிப்பு:
வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் பணிபுரிகிறேன். 8 மீட்டர் விட்டமும் 20 மீட்டர் உயரமும் உள்ள, தட்டையான அடித்தளம் கொண்ட நெளிதகட்டு சைலோவில் (உருளை வடிவத் தானியக் கொள்கலனில்) மக்காச்சோளத்தைச் சேமித்து, நடுத்திறப்பின் வழியாக எடுத்து வருகிறோம். லாரியில் நேரடியாக ஏற்றுவதற்காகச் சுவரில் 3 மீட்டர் உயரத்தில் ஒரு திறப்பு வெட்டி, அதைச் சுற்றித் தடித்த தகடு பொருத்திவிடலாம் என்கிறார் உரிமையாளர். இது போதுமானதா?

கட்டமைப்புப் பொறியாளர்:
போதாது. துளையைச் சுற்றித் தகடு வைப்பதால் துளையின் விளிம்புதான் வலுப்பெறும். ஆபத்து இருப்பதோ மொத்தச் சுவரில்.

தானியம் சுவரில் உராய்வதால் பக்க அழுத்தம் ஆழத்தோடு கூடிக்கொண்டே போகாமல் ஓர் எல்லையை நெருங்கி நின்றுவிடும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் 1895இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு கனமீட்டருக்கு 7.5 கிலோநியூட்டன் எடையும் 0.36 உராய்வுக் கெழுவும் கொண்டால், உங்கள் சைலோவில் நிரப்பிய நிலையில் அந்த எல்லை சதுர மீட்டருக்குச் சுமார் 42 கிலோநியூட்டன். அதே உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் 196 இருக்கும். ஆனால் உராய்வு தாங்கிய எடை எங்கும் மறைந்துவிடுவதில்லை, சுவரையும் அதற்கு வலுவூட்டும் ஸ்டிஃப்னர் தூண்களையும் கீழ்நோக்கி அழுத்துகிறது.

சுவரோரமாக எடுக்கும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் தானியம் ஒரு தடமாக இறங்கும். தடத்தில் பக்க அழுத்தம் குறைந்து, அதன் இரு ஓரங்களிலும் கூடுவதால் வட்டச் சுவர் வளைந்து உருமாறுகிறது; செங்குத்து அழுத்தமும் சீரற்றுப்போய், மெல்லிய தகடு திறப்புக்கு வெகு மேலே மடங்கிவிடக்கூடும். மையத்திலிருந்து விட்டத்தின் கால் பங்குக்கு மேல் விலகிய திறப்பை ஈஎன் 1991-4 என்ற ஐரோப்பிய நெறிமுறை தனிச் சுமைநிலையாகக் கணக்கிடச் சொல்கிறது. உங்களுக்கு அந்த எல்லை 2 மீட்டர், சுவரோ 4 மீட்டரில்.

ஆலைப் பராமரிப்பு:
விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனால் சில சைலோக்களில் தரையில் நடுத்திறப்போடு ஓரத் திறப்புகளும் இருக்கின்றனவே?

தானியக் கிடங்கு மேலாளர்:
அவை, நடுத்திறப்பிலிருந்து தானாக வருவது முழுவதும் நின்ற பிறகு, மிச்சத்தை எடுப்பதற்காக வைக்கப்பட்டவை. முதலிலேயே திறந்தால் மேலே சொன்ன அதே கேடுதான். பக்கவாட்டில் எடுக்க, சுவரை ஒட்டி உள்ளே நிற்கும் துளையிட்ட குழாயுடன் தயாரிப்பாளர்களே தரும் அமைப்பு உண்டு. அதையும் உங்கள் சைலோவைச் செய்தவரின் கணக்கும் எழுத்துபூர்வ ஒப்புதலும் இல்லாமல் பொருத்தாதீர்கள்.

எனக்குச் சரியெனப்படுவது, நடுத்திறப்பிலிருந்து வரும் கன்வேயரை நீட்டி, எலிவேட்டர் மூலம் வெளியே ஒரு சிறு ஏற்றுதொட்டிக்குக் கொண்டுபோவது. செலவு கூடுதல்தான். இன்னொன்று: தானியம் கட்டிபிடித்து வராமல் நின்றால், அதைக் குத்திவிட யாரையும் உள்ளே இறக்காதீர்கள், கன்வேயர் ஓடும்போது உள்ளே நிற்பவர் சில நொடிகளிலேயே இடுப்பளவு புதைந்துவிடுவார், அதன்பின் தானாக வெளியே வர முடியாது.