கோல்ஃபில் ஸ்லைஸ் நிற்கவில்லை: டிரைவரை மாற்றுவதா, பிடியை மாற்றுவதா?

தண்டையார்பேட்டை பையன்:
டிரைவரை, அதாவது தூரமாக அடிக்கிற கோல்ஃப் மட்டையை, துணியுறையில் சுற்றிக்கொண்டு மெட்ரோவில் நந்தனம் போய் ஆடுகிற ஆள் நான். போன வாரம் ஒருவர் தூண்டிலா என்று கேட்டார். அடிக்கிற பந்தெல்லாம் நேராகக் கிளம்பி, பாதியில் வலப்பக்கம் அரிவாளாக வளைகிறது, அதுதான் ஸ்லைஸ். கையில் இருப்பது பழைய 9 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு). பந்தை இடப்பக்கம் திருப்ப உதவுகிற 'டிரா' டிரைவர் வாங்கினால் சரியாகுமா?

பெரம்பூர் லோகோ:
வாங்காதே தம்பி. டிரைவரின் தலை வீசி வருகிற பாதையோடு ஒப்பிட்டால், அதன் முகம் (பந்தில் படுகிற பக்கம்) வலப்பக்கம் திறந்திருக்கிறது. வளைவு அதனால்தான். தெருக் கிரிக்கெட்டில் கட் அடித்துப் பழகிய கையாக இருக்கும். இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடி. குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல்முட்டி தெரியணும். செலவு, பத்து பைசா இல்லை.

எண்ணூர் காத்து:
அண்ணா, மாதம் இரண்டு தடவை ஆடுகிறவனுக்கு ஸ்விங் திருந்த எத்தனை வருஷம்? டிரா டிரைவரில் எடை ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் (தண்டு) இறங்கும் பக்கம் இருக்கும். முகம் சீக்கிரம் மூடும். லாஃப்ட்டும் 10.5, இல்லை 12 எடுக்கட்டும். லாஃப்ட் ஏறினால் பக்கவாட்டு வளைவு குறையும்.

பெரம்பூர் லோகோ:
கடைக்காரர் 'மன்னிக்கும் டிரைவர்' என்பார், இவனும் நம்புவான். நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திருகாது, அந்த மன்னிப்பு அவ்வளவுதான். அதற்கும் விதியில் உச்சவரம்பு உண்டு; தலையின் பருமனே 460 சிசிக்கு மேல் போகக்கூடாது. முகம் திறந்தே வந்தால் யார் மன்னிப்பது?

எண்ணூர் காத்து:
மன்னிப்பு வேறு, டிரா வேறு. தம்பி கேட்டது டிரா.

தண்டையார்பேட்டை பையன்:
இரண்டு பேரும் இருங்கள். இன்று காலை டிரைவர் முகத்தில் கேரம் பவுடர் தடவி அடித்துப் பார்த்தேன். பத்தில் ஏழு தடம் ஹீல் பக்கம்.

பெரம்பூர் லோகோ:
அப்படிச் சொல்லு! ஹீலில் பட்டாலே பந்து இன்னும் வலப்பக்கம் சுழலும். அரை அடி வேண்டாம், அரை இஞ்ச் பின்னால் நில். கிரிப்பையும் ஒரு இஞ்ச் கீழே இறக்கிப் பிடி.

எண்ணூர் காத்து:
சரி, அதையே ஒரு மாதம் செய். அப்புறமும் வளைந்தால் என் பழைய 12 டிகிரி டிரா வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. தேரடி ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கோ.

பெரம்பூர் லோகோ:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேனே!